நூற்றுப் பன்னிரண்டு எங்கே போச்சு?

செவிலிமேட்டில் கோல்ஃப் மைதானம் கிடையாது. ஆனால், கோல்ஃப்காரர்கள் கண்டு நடுங்குகிற மணல் பள்ளம் மட்டும் தாராளமாக இருக்கிறது. பாலாறு என்று பெயர். 2021 நவம்பரில் வெள்ளம் புரண்டு ஓடியது மாதிரி அபூர்வமான நாட்கள் நீங்கலாக, பாலத்தின் மேல் நின்று பார்த்தால் மணலும் முள்ளுச் செடியும்தான். கோல்ஃப் பாஷையில் இதற்கு 'பங்க்கர்'. அங்கே ஒரு மைதானத்துக்குப் பத்து இருபது வெட்டி வைப்பார்கள். நமக்கு ஆண்டவன் மொத்தமாகவே கொடுத்துவிட்டான்.

'இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு கோல்ஃப் பற்றி ஏன்யா எழுதுகிறாய்?' என்கிறீர்களா? எங்கள் தெரு நண்பர்தான் காரணம். பெயர் வேண்டாம், வீட்டுக்குத் தெரிந்தால் வம்பு. வயது முப்பத்துநாலு. ஒரகடம் பக்கம் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ். அப்பா பட்டு நெசவு. இவருடைய மேலதிகாரிக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் கோல்ஃப். ஒரு ஞாயிறு, நாலாவது ஆள் வரவில்லை என்று நம்மவரை இழுத்துக்கொண்டு போனார். அன்றைக்குப் பிடித்தது சனி. பழைய மட்டைகள் ஒரு செட் வாங்கி, பால்கனியில் துணி காயப்போடுகிற இடத்தில் சாத்தி வைத்திருக்கிறார். காலை ஐந்தரைக்கு ஆற்று மணலில் ஒருவர் தனியாக மண்ணை வெட்டிக்கொண்டிருந்தால் போலீஸுக்குச் சொல்லிவிடாதீர்கள். லாரி எதுவும் இல்லை என்றால் அவர்தான்.

தெரியாதவர்களுக்கு ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதினெட்டுக் குழி. ஒவ்வொன்றிலும் பந்தைப் போட எத்தனை அடி ஆகிறதோ அதுதான் கணக்கு. குறைவாக அடித்தவர் ஜெயித்தார். நன்றாக ஆடுகிறவருக்கு ஒரு முழு ரவுண்டு 72 அடி; அதற்கு 'பார்' என்று பெயர். நூறுக்குள் முடிப்பதை 'நூறை உடைப்பது' என்பார்கள். புதிதாக ஆடுகிறவனுக்கு அதுதான் எஸ்.எஸ்.எல்.ஸி.

நம்மவர் வருகிற தீபாவளிக்குள் நூறை உடைப்பது என்று சபதம் செய்திருந்தார். உடைக்காவிட்டால் மட்டைகளை விற்றுவிடுவது என்று வீட்டு அம்மணியுடன் உடன்படிக்கை. (உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டது ஒருவர், வாசகத்தைத் தயாரித்தது இன்னொருவர். கல்யாணமானவர்களுக்குப் புரியும்.)

அக்கவுண்ட்ஸ்காரர் இல்லையா? நாற்பது பக்க நோட்டு ஒன்று போட்டுவிட்டார். ஒன்பது ரவுண்டு. தேதி, மொத்த அடி, அதில் 'பட்' எத்தனை என்று மூன்று கட்டம். பட் என்றால், குழிக்குப் பக்கத்தில் ஒட்ட வெட்டின புல்லில் பந்தை உருட்டுகிற அடி. சராசரி போட்டுப் பார்த்தார். மொத்தம் 112. அதில் பட் மட்டும் 38.

"முப்பத்தெட்டு சார்! மூணுல ஒரு பங்கு! எல்லாம் உருட்டுறதுலதான் போகுது" என்று முடிவுக்கு வந்து, மகள் ஸ்கூல் ஃபீஸுக்கு எடுத்து வைத்திருந்த பணத்தில் புதிதாக ஒரு பட்டர் வாங்கிவிட்டார். (உருட்டுகிற மட்டைக்கு அதுதான் பெயர், ரொட்டிக்குத் தடவுவது அல்ல.) விலையை இங்கே எழுத மாட்டேன். அதே பணத்துக்கு அவர் அப்பா நெய்கிற புடவையில் ஒன்று வாங்கலாம், முந்தானை நிறைய ஜரிகையோடு.

நோட்டு என்னிடம் வந்தது. நானும் பி.காம்.தானே!

காஸ்ட் அக்கவுண்டிங் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு பொருள் செய்ய எவ்வளவு ஆக வேண்டும் என்பது ஸ்டாண்டர்டு காஸ்ட். ஆனது எவ்வளவு என்பது ஆக்சுவல். இரண்டுக்கும் நடுவே இருப்பது வேரியன்ஸ். 'மொத்தச் செலவில் கூலி முப்பத்துநாலு சதவீதம், ஆகவே கூலியில்தான் வீண்' என்று பரீட்சையில் எழுதினால் முட்டை போடுவார்கள். கூலி எவ்வளவு ஆகியிருக்க வேண்டும் என்று முதலில் கேட்க வேண்டும்.

கேட்டேன். அமெரிக்காவின் பி.ஜி.ஏ. டூரில் ஆடுகிற புரொஃபஷனல்களே ஒரு ரவுண்டுக்குச் சராசரியாக 29 பட் போடுகிறார்கள். அதாவது நம்மவர் நாளைக் காலையில் எழுந்ததும் உலகத்தின் மிகச்சிறந்த ஆட்டக்காரர்கள் மாதிரி உருட்ட ஆரம்பித்துவிட்டார் என்று வைத்துக்கொண்டாலும், மிச்சமாவது ஒன்பது அடி. 112-ல் ஒன்பது போனால் 103. பட்டரும் போச்சு, நூறும் உடையவில்லை!

அவர் கொஞ்ச நேரம் பேசவேயில்லை.

இந்தக் கேள்வியைப் பெரிய அளவில் கேட்டவர் ஒருவர் இருக்கிறார். மார்க் பிராடி. நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளியில் பேராசிரியர். பி.ஜி.ஏ. டூரில் லேசர் கருவி வைத்து ஒவ்வொரு அடியும் எங்கிருந்து எங்கே போய் விழுந்தது என்று குறித்து வைத்தார்கள். லட்சக்கணக்கான அடிகள். அதை வைத்து, எந்தத் தூரத்திலிருந்து குழிக்குள் போட சராசரியாக எத்தனை அடி ஆகும் என்று ஒரு அட்டவணை போட்டார். நம்ம ஸ்டாண்டர்டு காஸ்ட்டேதான்! எட்டு அடி தூரத்திலிருந்து புரொஃபஷனல்கள் ஒரே உருட்டில் போடுவது பாதிக்குப் பாதிதான். ஆகவே ஸ்டாண்டர்டு ஒன்றரை. முப்பத்துமூன்று அடி தூரத்திலிருந்து இரண்டு. இப்போது ஒருவர் எட்டடியிலிருந்து இரண்டு உருட்டில் போட்டால் அரை அடி நஷ்டம். முப்பத்துமூன்று அடியிலிருந்து இரண்டு உருட்டில் போட்டால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. பழைய நோட்டில் இரண்டுமே '2 பட்' என்றுதான் ஏறியிருக்கும். இந்தக் கணக்குக்கு 'ஸ்ட்ரோக்ஸ் கெய்ன்ட்' என்று பெயர். 2011-ல் பி.ஜி.ஏ. டூர் முதலில் பட்டுக்கு மட்டும் இதை எடுத்துக்கொண்டது. பிராடியின் புத்தகம் 2014-ல் வந்தது.

அதில் அவர் போட்ட குண்டு: நன்றாக ஆடுகிறவருக்கும் சுமாராக ஆடுகிறவருக்கும் உள்ள வித்தியாசத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, நூறு கஜத்துக்கு அப்பாலிருந்து அடிக்கிற அடிகளில் இருக்கிறது. பட்டுக்குப் பங்கு சுமார் பதினைந்து சதவீதம். டைகர் உட்ஸ் கடைசிக் குழியில் உருட்டிவிட்டு முஷ்டியை ஆட்டுவதையே டி.வி.யில் காட்டிக் காட்டி நம்மை ஏமாற்றிவிட்டார்கள். கணக்குப் பார்த்தால், அவருடைய லாபத்தில் பெரும் பங்கு தூரத்திலிருந்து பச்சைப் புல்லை நோக்கி அடித்த அடிகளில்.

'அப்படியானால் அதிதி அசோக்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2021 ஆகஸ்ட் 7, சனிக்கிழமை. டோக்கியோ ஒலிம்பிக்ஸ். அன்று காலையில்தான் இந்தியாவில் பாதிப் பேர் கோல்ஃப் கற்றுக்கொண்டார்கள், பல் துலக்கிக்கொண்டே. உலக வரிசையில் இருநூறாவது இடத்தில் இருந்த பெங்களூர்ப் பெண், நாலு நாளும் பதக்கம் வாங்குகிற இடத்தில் நின்றார். அதற்கு முன்புதான் கோவிட் வந்து உடம்பில் தெம்பு குறைந்திருந்தது. முதல் அடி மற்றவர்கள் போகிற தூரம் போகவில்லை. அத்தனையையும் பட்டில் சரிக்கட்டினார். நாலு ரவுண்டுக்கு 67, 66, 68, 68. மொத்தம் 269. ஒரே ஒரு அடி குறைந்திருந்தால் வெள்ளி, வெண்கலத்துக்கான பிளே-ஆஃபில் அவரும் நின்றிருப்பார். நாலாவது இடம். அன்று சாயங்காலமே நீரஜ் சோப்ரா ஈட்டியை வீசித் தங்கம் வாங்கிவிட்டார், நாமும் காலையை மறந்துவிட்டோம்.

அதிதிக்குப் பட்டில் லாபம், தூரத்தில் நஷ்டம். அது அதிதியின் பேரேடு. நம்மவர் பேரேட்டில் என்ன இருக்கிறது என்று அதிதியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. பிராடியைப் பார்த்தும் முடியாது. அவர் நோட்டில் அந்தக் கட்டமே இல்லையே!

அதைக் கண்டுபிடித்தது நானும் இல்லை, அவரும் இல்லை. தறியில் உட்கார்ந்திருந்த அப்பா.

நாங்கள் இருவரும் திண்ணையில் 112-ஐ முன்னால் வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தோம். உள்ளேயிருந்து குரல் வந்தது. "டேய், இன்னிக்கு எத்தனை முழம் ஓடிச்சுன்னு மட்டும் எழுதி வச்சா எவனுக்கு உபயோகம்? இழை எங்க அறுந்துச்சு, ஏன் அறுந்துச்சுன்னு பார்த்து அங்கயே முடி போடணும். விட்டா புடவை முழுக்க இழுத்துக்கிட்டுப் போவும்."

அறுந்த இடம் தேடினோம். அடுத்த ஞாயிறு, ஒவ்வொரு குழியிலும் எது கெட்டது என்று ஒரு எழுத்துக் குறித்துக்கொண்டு வந்தார். தொலைந்த பந்துக்கு 'தொ', மணலில் மாட்டினால் 'ம', மூன்று தடவை உருட்டினால் 'உ'. மொத்தம் 113. அதில் 'தொ' மட்டும் ஐந்து! பந்தை எல்லைக்கு வெளியே அடித்தால், அடித்ததும் வீண், அபராதம் ஒரு அடி, மறுபடி பழைய இடத்துக்கே போய் அடிக்க வேண்டும். ஆக, பந்துக்கு இரண்டு. ஐந்து பந்துக்குப் பத்து. எல்லாம் அந்தப் பெரிய தலை வைத்த டிரைவர் மட்டையின் கைங்கரியம். 'உ' நாலுதான். மணலில் மாட்டினது மூன்று தடவை. மூன்றிலும் ஒரே அடியில் வெளியே. பாலாறு வாழ்க!

கணக்கு வைப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. எந்தக் கட்டத்தை நிரப்புகிறோமோ, அந்தக் கட்டத்துக்காகவே ஆட ஆரம்பித்துவிடுவோம். என் சிநேகிதர் ஒருவர் தினம் பத்தாயிரம் அடி நடப்பதாக ஃபோனில் காட்டுவார். ஃபோனைக் குழந்தையின் தூளியில் போட்டு ஆட்டுவது பிற்பாடுதான் தெரிந்தது. குழந்தையும் தூங்கியது, நடையும் ஆயிற்று. கோல்ஃபிலும் 'நேராகப் போன அடிகள்' என்று ஒரு கட்டம் வைத்தால், ஐம்பது கஜம் ஐம்பது கஜமாகத் தட்டிக்கொண்டு போய் நூற்றுக்கு நூறு வாங்கலாம். ஸ்கோர் 140 ஆகும், அது வேறு விஷயம்.

பொய்க் கணக்கு அதைவிட மோசம். முதல் அடி சரியில்லை என்றால் 'இது சும்மா' என்று இன்னொன்று அடிப்பது. அதற்கு 'மல்லிகன்' என்று கௌரவமான பெயர் வேறு! சிநேகிதமாக ஆடுகிறபோது யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். போட்டியில் நடக்காது. கணக்குத் தப்புக்கு அங்கே என்ன தண்டனை என்பதை அர்ஜென்டினாவின் ராபர்டோ டி விசென்ஸோவைக் கேட்டால் தெரிந்திருக்கும். 1968 மாஸ்டர்ஸ் போட்டியின் கடைசி நாள். அன்று அவருக்கு நாற்பத்தைந்தாவது பிறந்தநாள். பதினேழாவது குழியை மூன்றே அடியில் முடித்தார். கூட ஆடிக்கொண்டு ஸ்கோர் எழுதிய டாமி ஆரன், கை தவறி 4 என்று எழுதிவிட்டார். டி விசென்ஸோ கூட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். போட்டது போட்டதுதான்! 65 அடித்தவருக்கு 66. பாப் கோல்பியுடன் சமமாக நின்று மறுநாள் பிளே-ஆஃப் ஆட வேண்டியவர், ஒரு அடியில் இரண்டாமிடம். வவுச்சரில் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிற மேனேஜர்கள் கவனிக்கவும்.

சபதத்துக்கு வருகிறேன். 'தீபாவளிக்குள் நூறு' என்பது கேட்கத் தமாஷாக இருக்கிறது. ஆனால் டீயில் மட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறபோது அந்த நூறை என்ன செய்வது? அதை அடிக்க முடியாது. எந்த மட்டையை எடுப்பது என்பது ஒன்றுதான் அப்போது கையில் இருக்கிறது. ஆகவே சபதத்தைத் திருத்தினோம். ரவுண்டுக்குத் 'தொ' இரண்டுக்கு மேல் கூடாது. அதற்கு வழி, குறுகலான குழிகளில் டிரைவர் வீட்டில் இருக்கட்டும், ஏழாம் நம்பர் இரும்பு மட்டை போதும். தூரம் குறையும், மேலதிகாரி லேசாகச் சிரிப்பார். சிரிக்கட்டும்.

ஒரு ரவுண்டில் கெட்டுப்போனதும் இடிந்து உட்கார்ந்துவிடுகிற பழக்கத்துக்கும் மருந்து இருக்கிறது. 2020 முதல் உலகம் பூராவும் ஒரே மாதிரி ஹாண்டிகேப் கணக்கு வந்திருக்கிறது. கடைசி இருபது ரவுண்டை எடுத்துக்கொண்டு, அதில் சிறந்த எட்டுக்குத்தான் சராசரி போடுகிறார்கள். மீதிப் பன்னிரண்டை என்ன செய்கிறார்கள் என்கிறீர்களா? ஒன்றும் செய்வதில்லை. கோல்ஃபை வகுத்தவர்களுக்கே, மனுஷன் இருபதில் பன்னிரண்டு நாள் சுமாராகத்தான் ஆடுவான் என்று தெரிந்திருக்கிறது. நம் ஆபீஸ் அப்ரைசலுக்கும் யாராவது இந்த முறையைக் கொண்டு வந்தால் தேவலை. எனக்குத் தெரிந்து, அங்கே அந்தப் பன்னிரண்டைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

திருத்திய சபதத்துக்குப் பிறகு நாலு ரவுண்டு ஆகியிருக்கிறது. 107, 109, 104, போன ஞாயிறு 101. தீபாவளிக்கு இன்னும் மூன்று ஞாயிறு பாக்கி. புது பட்டரைப் பாதி விலைக்குக் கேட்டு ஒரு ஆள் வந்துவிட்டுப் போயிருக்கிறார். ஸ்கூல் ஃபீஸுக்குக் கடைசித் தேதி வெள்ளிக்கிழமை என்பதால், கொடுத்துவிடச் சொல்லி வீட்டில் உத்தரவு. 101-ல் 'தொ' ஒன்றே ஒன்று என்று சாயங்காலம் பெருமையாகத் தறி பக்கம் போய்ச் சொன்னாராம்.

"அந்தப் பந்து என்னா விலைடா?" என்றாராம் அப்பா.