கருவிகள் மக்கள் கைக்கு வர வேண்டும்!

கையில் கட்டும் பட்டை ஒரு நிமிடத்தில் ரத்த அழுத்தத்தைச் சொல்லிவிடுகிறது. விரல் நுனியில் மாட்டும் சிறு கருவி ரத்தத்திலுள்ள பிராணவாயுவின் அளவைக் காட்டுகிறது. ஒரு துளி ரத்தத்தில் சர்க்கரை நோய் தெரிந்துவிடுகிறது. பெரிய ஆஸ்பத்திரிகளில் மட்டுமே நடந்து வந்த பரிசோதனை இன்று குடிசைத் திண்ணையிலும் நடக்க முடியும். இது விஞ்ஞானத்தின் வெற்றி. மனித உழைப்பின் வெற்றி. இதை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆனால், இந்த வெற்றியின் பலன் யாருக்குப் போய்ச் சேருகிறது?

2020-ம் ஆண்டில் தமிழ்நாட்டில் நடந்த ஆய்வு ஓர் உண்மையை அம்பலப்படுத்தியது. ரத்த அழுத்த நோயாளிகளில் 7.3 சதவிகிதம் பேருக்கும், நீரிழிவு நோயாளிகளில் 10.8 சதவிகிதம் பேருக்கும் மட்டுமே நோய் கட்டுக்குள் இருந்தது. மற்றவர்களின் கதி என்ன? பக்கவாதத்தில் விழுந்த பிறகு, சிறுநீரகம் கெட்ட பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடுவதுதான். பீடி சுற்றும் பெண்ணும் கட்டடத் தொழிலாளியும் ஒருநாள் கூலியை இழந்து வரிசையில் நிற்க முடியுமா?

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' இந்தக் குறையைத் தீர்க்க எடுத்து வைத்த சரியான அடி. சுய உதவிக் குழுப் பெண்கள் கருவிகளுடன் வீடுவீடாகச் சென்றார்கள், பரிசோதித்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். ஆனால் இந்தப் பெண்களுக்குத் தன்னார்வலர் என்று பெயர் சூட்டி, சம்பளத்திற்குப் பதில் ஊக்கத்தொகை கொடுத்தே திட்டம் தொடங்கியது. கருவியைச் சுமந்து வெயிலில் நடப்பதும் உழைப்புதான். உழைப்புக்குக் கூலி கேட்பது அவர்கள் உரிமை.

லாப வேட்டையோ எல்லை கடந்தது. கொரோனா கொடுமையின் போது, 2021 ஜூலையில், மத்திய சர்க்காரின் மருந்து விலை நிர்ணய ஆணையமே கணக்குப் பார்த்தது. பிராணவாயு அளக்கும் கருவி, சர்க்கரை, ரத்த அழுத்தம் அளக்கும் கருவிகள் உள்ளிட்ட 5 சாதனங்களில் வியாபார லாபம் 709 சதவிகிதம் வரை இருந்தது! 70 சதவிகிதத்திற்கு மேல் கூடாது என்று அப்போதுதான் உத்தரவு பிறந்தது. இதற்கு முன், இருதய ரத்தக்குழாயில் வைக்கும் ஸ்டென்டுக்கு லட்சம் ரூபாய்க்கு மேல் வாங்கினார்கள். வழக்கு கோர்ட்டுக்குப் போன பிறகு, 2017 பிப்ரவரியில் மருந்து பூசிய ஸ்டென்டின் விலை 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு விதிக்கப்பட்டது. நிர்ப்பந்தம் வந்தால் விலை இறங்கும் என்பதற்கு வேறு சாட்சியம் தேவையா?

இன்னொரு தந்திரத்தையும் பாருங்கள். சர்க்கரை அளக்கும் யந்திரத்தை மலிவாகத் தருவார்கள். ஆனால் அந்தக் கம்பெனியின் ஸ்ட்ரிப்தான் அதில் பொருந்தும். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு ஸ்ட்ரிப்; ஒவ்வொரு ஸ்ட்ரிப்பிலும் லாபம். நோய் தீராதவரை கப்பமும் தீராது.

இதற்கு மாற்று வழி இல்லையா? உண்டு. அமெரிக்க முற்றுகைக்கு நடுவிலும் சோஷலிச கியூபா, 1980-களில் 'சுமா' என்ற சொந்தப் பரிசோதனை யந்திரத்தை உருவாக்கியது. மிகச் சிறிதளவு ரத்தமும் ரசாயனமும் போதும். பிறந்த குழந்தைகளின் தைராய்டு குறையைக் கண்டுபிடிக்கவும், ரத்த வங்கிகளில் நோய்க்கிருமியைச் சோதிக்கவும் அது நாடு முழுவதும் பயன்படுகிறது. செல்வம் குறைந்த நாடு செய்ததை நம் நாடு செய்ய முடியாதா?

ஆகவே நாம் கோருகிறோம்:

பரிசோதனைக் கருவிகளையும் ஸ்ட்ரிப்புகளையும் பொதுத்துறையில் உற்பத்தி செய்ய வேண்டும்.

ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கருவியும், அதைப் படித்து மருந்து தரும் டாக்டரும் இருக்க வேண்டும். யந்திரம் இருக்கிறதென்று டாக்டர் பதவியைக் காலியாக வைப்பது மோசடி.

வீடு தேடிச் செல்லும் பெண்களுக்கு நிரந்தர வேலையும் நியாயமான சம்பளமும் வேண்டும்.

நோயாளியின் உடல்நிலை விவரத்தை எந்தக் கம்பெனிக்கும் விற்கக் கூடாது.

விஞ்ஞானம் கருவியைத் தந்துவிட்டது. அதை ஏழையின் வாசலுக்குக் கொண்டுவர மக்கள் இயக்கம் வேண்டும். தொழிற்சங்கங்களும் விவசாயிகள் சங்கங்களும் மாதர் சங்கங்களும் இக்கோரிக்கைகளை ஊர்தோறும் எடுத்துச் செல்லட்டும்!