பெயர் மாறினால் போதுமா, படம் முழுதாக வர வேண்டாமா?

2001 அக்டோபரில் கே டிவி தொடங்கியபோது, வீட்டில் எந்நேரமும் தமிழ்ப் படம் பார்க்கலாம் என்பதே பெரும்பாலானோருக்குப் புதிது. தூர்தர்ஷனின் ஞாயிறு மாலைப் படத்துக்காக வாரம் முழுக்கக் காத்திருந்து வளர்ந்த தலைமுறை, காலை ஏழு, பத்து, பகல் ஒன்று, மாலை நான்கு, இரவு ஏழு என்று நாளையே படக்காட்சிகளாகப் பிரித்துக்கொண்ட ஒரு சேனலை உடனே சொந்தமாக்கிக்கொண்டது. சன் குழுமத்தின் மற்ற மொழிச் சினிமா சேனல்கள் இதற்குள் பெயர் மாறிவிட்டன. தெலுங்கில் தேஜா டிவி, ஜெமினி மூவிஸ் ஆனது. கன்னடத்து உஷே டிவி, உதயா மூவிஸ் ஆனது. மலையாளத்தில் கிரண் டிவி 2017இல் சூர்யா மூவிஸ் ஆனது. போட்டிக் குழுமமான ஸ்டாரும் மா டிவியை வாங்கிய பிறகு மா மூவிஸை ஸ்டார் மா மூவிஸ் என்று மாற்றியது. இத்தனைக்கும் நடுவில் கே டிவி மட்டும் பழைய பெயரிலேயே நிற்கிறது.

இந்தப் பெயர் மாற்றங்களுக்குப் பின்னால் உள்ள வியாபாரக் கணக்கு நியாயமானதுதான். குழுமத்தின் முதன்மைச் சேனலுக்கு இருக்கும் செல்வாக்கு தம்பிச் சேனலுக்கும் ஒட்டிக்கொள்ளும். விளம்பரதாரரிடம் மொத்தமாக விற்கலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதிய கட்டண முறை 2019இல் நடைமுறைக்கு வந்து, எந்தக் கட்டணச் சேனல் வேண்டும் என்று வீட்டுக்காரரே தேர்ந்தெடுக்கும் நிலை வந்த பிறகு, பட்டியலில் பார்த்ததும் புரிகிற பெயருக்கு மதிப்பு இன்னும் கூடியது. ஆனால் இவையெல்லாம் நிறுவனத்துக்குக் கிடைக்கும் லாபம். மாதச் சந்தா கட்டும் வீட்டுக்கு என்ன கிடைத்தது? லோகோவும் இசைத் துணுக்கும் மாறின. படம் காட்டப்படும் விதம் மாறவில்லை. ஒரு சினிமா சேனல் தன்னைப் புதுப்பித்துக்கொண்டதா என்பதை அதன் பெயரை வைத்து அல்ல, படத்தை எவ்வளவு முழுதாகக் காட்டுகிறது என்பதை வைத்தே சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கேபிள் தொலைக்காட்சி விதிகளின்படி ஒரு மணி நேரத்தில் வணிக விளம்பரம் பத்து நிமிடம், சேனலின் சொந்த விளம்பரம் இரண்டு நிமிடம், ஆக 12 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. 2013இல் டிராய் இதைக் கறாராக அமல்படுத்த முனைந்தபோது சேனல்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. அந்த வரம்பை அப்படியே மதித்தாலும், மூன்று மணி நேரக் காட்சியில் 36 நிமிடம் விளம்பரத்துக்குப் போய்விடும். படத்துக்கு மிஞ்சுவது 144 நிமிடம். நம் படங்களில் எத்தனை அதற்குள் அடங்கும்? மூன்று மணி நேரத்தை ஒட்டி ஓடும் ‘படையப்பா’வை அந்தப் பெட்டிக்குள் அடைத்தால் அரை மணி நேரத்துக்கு மேல் வெளியே போக வேண்டும். முதலில் பாட்டு போகும், பிறகு நகைச்சுவைத் தனிக்கதை போகும், கடைசியில் பெயர்ப் பட்டியல் போகும். ஒளிப்பதிவாளர் யார், படத்தொகுப்பாளர் யார் என்று ஒரு பிள்ளை தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியும் அதோடு அடைபடுகிறது. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு நேர்வது இன்னொரு கொடுமை. ஏறக்குறைய சதுரமாக எடுக்கப்பட்ட சட்டகத்தை அகலத் திரைக்கு இழுத்துப் பிடிக்கும்போது சிவாஜியின் முகம் பக்கவாட்டில் உப்புகிறது. நின்று ஆடும் பத்மினி குட்டையாகிறார்.

சட்டமே வெட்டச் சொல்கிறதே என்று ஒரு பதில் உண்டு. உண்மை, ‘ஏ’ சான்றிதழ் பெற்ற படத்தைத் தொலைக்காட்சியில் போட முடியாது. வெட்டி, மறுசான்றிதழ் வாங்கித்தான் போட வேண்டும். ஆனால் அந்த வெட்டு தணிக்கை வாரியத்தின் ஏட்டில் பதிவாகிறது. நேரத்துக்காக நடக்கும் வெட்டுக்கு அப்படி ஒரு பதிவும் இல்லை. பார்ப்பவருக்கு எது போனது என்று தெரியாது; இயக்குநரைக் கேட்பதும் இல்லை. இலவசச் சேனல் என்றாலாவது பொறுத்துக்கொள்ளலாம். இங்கே சந்தாவையும் வாங்கி, விளம்பரத்தையும் காட்டி, பொருளின் அளவையும் குறைக்கிறார்கள். கடையில் அரிசிப் பையில் எடை அச்சிடாமல் விற்றால் நாம் சும்மா இருப்போமா?

முழுப் படம் வேண்டுமென்றால் ஓடிடிக்குப் போகலாமே என்பது அடுத்த வாதம். ஓடிடியில் கிடைப்பது பெரும்பாலும் அண்மைக் காலப் படங்கள். எண்பதுகளின் நடுத்தரப் படங்கள் பலவற்றை இன்றும் முறையாகக் காட்டுவது தொலைக்காட்சிதான். அவற்றின் ஒளிபரப்பு உரிமைகள் ஆண்டுக்கணக்கில் சேனல்களிடமே இருக்கின்றன. தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ (1931) இன்று நம்மிடம் இல்லை. மௌனப் படங்களோ ஏறக்குறைய முற்றாகத் தொலைந்துவிட்டன. அரசு ஆவணக் காப்பகம் சேர்க்கத் தவறியவற்றில் ஒரு பகுதி சேனல்களின் கிடங்குகளில் இருக்கிறது. விரும்பியோ விரும்பாமலோ அவை காப்பாளர்களாகிவிட்டன. அந்தப் பொறுப்போடு நடந்துகொள்ளச் சொல்வது அதிகப்படி அல்ல.

பழைய நீளப் படத்தை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று கேட்பவர்களுக்கு 2012 நல்ல பதில். 1964இல் வந்த ‘கர்ணன்’ டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டுத் திரையரங்குக்கு வந்து நூறு நாளைத் தாண்டி ஓடியது. காசு கொடுத்து, மூன்று மணி நேரம் உட்கார்ந்து பார்த்தவர்கள் நம் ஊர்க்காரர்களே. சன் லைஃப், முரசு போன்ற சேனல்கள் பழைய படங்களையே நம்பி நடப்பதும் அந்தப் பார்வையாளர் இருப்பதால்தான்.

இதற்குப் பெரிய முதலீடு ஒன்றும் வேண்டாம். படம் தொடங்கும்போது காட்டும் தணிக்கைச் சான்றிதழில் படத்தின் நீளம் எழுதியே இருக்கிறது. அதை அடுத்து ஒரு வரி சேர்க்கட்டும்: படத்தின் முழு நீளம் இத்தனை நிமிடம், இப்போது ஒளிபரப்பாவது இத்தனை நிமிடம். நீளமான படத்துக்கு நான்கு மணி நேரக் காட்சி ஒதுக்கட்டும். நாளுக்கு ஒரு காட்சி குறைந்தால் குறையட்டும். பெயர்ப் பட்டியலைத் தொடாமல் விடட்டும். சேனல்கள் தாமாகச் செய்யத் தயங்கினால், அந்த ஒரு வரியைக் கட்டணச் சினிமா சேனல்கள் அனைத்துக்கும் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் விதியாக்க வேண்டும்.