காலாவதியான உரிமமும் புகார் சொல்லாத வாடிக்கையாளரும்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் ஈமத் தொழிலாளருக்கான உரிமத்தை 1983-இல் ஒழித்தது. சடலத்தைப் பதப்படுத்துபவருக்கும் எரியூட்டுபவருக்கும் படிப்பும் தேர்வும் அவசியமற்றுப் போயின. பின்னர் வந்த பதிவு முறையோ நிலையத்தின் பெயரைக் குறித்துக்கொண்டதே தவிர, அங்கு வேலை செய்பவரின் தகுதியைக் கேட்கவில்லை.

விளைவு 2023 அக்டோபரில் வெளிப்பட்டது. பென்ரோஸ் என்ற சிற்றூரின் கட்டடமொன்றில் ஏறத்தாழ 190 உடல்கள் அழுகிக் கிடந்தன. சில குடும்பங்களுக்கு அஸ்தி என்று தரப்பட்டது சிமெண்டுக் கலவை. அந்நிறுவனத்தின் பதிவு 2022 நவம்பரிலேயே காலாவதியாகியிருந்தது. ஏறக்குறைய ஓராண்டு அது தடையின்றி நடந்தது, காட்டிக்கொடுத்தது துர்நாற்றமே.

2024-இல் இயற்றப்பட்ட சட்டம் உரிமத்தை மீட்டெடுத்தது. 2027 ஜனவரி 1 முதல் படிப்பு, தேசியத் தேர்வு, பயிற்சிக்காலம், குற்றப்பின்னணிச் சோதனை ஆகியவை தேவை என்பது அதன் விதி.

உரிமம் என்பது தொழிலில் இருப்பவர்கள் புதியவர்களைத் தடுக்கக் கட்டும் மதில் என்று சிலர் வாதிடுவர். முற்றிலும் பொய்யன்று. லூசியானாவில் உரிமம் பெற்றவர் மட்டுமே சவப்பெட்டி விற்கலாம் என்றிருந்தது. மரப்பெட்டி செய்து விற்க முனைந்த புனித ஜோசப் மடத்துத் துறவிகள் வழக்காடி, 2013-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றனர். அத்தீர்ப்பை நாம் வரவேற்கிறோம். பெட்டி கோணலென்றால் வாங்குபவர் கண்ணுக்குத் தெரியும். மூடிய கதவுக்குப் பின்னால் உடலுக்கு என்ன நேர்கிறது என்பது உறவினருக்குத் தெரியாது. இறந்தவர் புகார் சொல்லப் போவதுமில்லை. வாடிக்கையாளரால் சோதிக்க முடியாத இடத்தில்தான் அரசு சோதிக்க வேண்டும்.

ஆகவே நம் கேள்வி இது: காலாவதியான உரிமத்துக்கு மறுபடி உயிர் கொடுக்கும்போது எதைச் சரிபார்க்கிறோம்? தாமதக் கட்டணத்துக்கான ரசீதை மட்டுமென்றால் அது வசூல். தேதியை மறந்தவரும் உடல்களை மறைத்தவரும் அந்த வரிசையில் ஒன்றாகவே நிற்பர். இடைவெளியில் அவர் தொழில் செய்தாரா, செய்தாரென்றால் அவரிடம் ஒப்படைக்கப்பட்ட உடல்கள் எங்கே போயின, குளிரறையும் பதிவேடும் ஒத்துப்போகின்றனவா என்று நேரில் பார்த்த பிறகே முத்திரை விழவேண்டும். நேர்மையானவருக்கு இது ஒருநாள் சங்கடம். பென்ரோஸில் 2022-லேயே ஒருவர் போய்க் கதவைத் திறந்து பார்த்திருந்தால், பல குடும்பங்கள் சிமெண்டைக் கும்பிட்டிருக்க மாட்டா.