பாடம் நடத்தினால் ரூ.25 ஆயிரம், ஆராய்ச்சி செய்தால் ரூ.37 ஆயிரம்!

சென்னை: பி.எச்.டி. முடிச்சாச்சு... காலேஜ் வேலை எங்கே? இப்படிக் கேட்டுக்கொண்டு திரியும் பட்டதாரிகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

அரசு கல்லூரிகளுக்கு 4 ஆயிரம் உதவிப் பேராசிரியர்களை எடுக்க, 2024 மார்ச்சில் ஆசிரியர் தேர்வு வாரியம் அறிவிப்பு வெளியிட்டது. ஆகஸ்டில் நடக்கவேண்டிய தேர்வு தள்ளிப்போனது. வகுப்புகளைச் சமாளித்தது கவுரவ விரிவுரையாளர்கள்தான். அப்போது அவர்களுக்கு மாத சம்பளம் ரூ.25 ஆயிரம். மாதம் ரூ.50 ஆயிரம் வரை தரலாம் என்று யு.ஜி.சி. 2019-லேயே சொல்லியும் இந்த நிலைமை!

ஆனால் யு.ஜி.சி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எப். வாங்கி ஆராய்ச்சியில் சேர்ந்தவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் ரூ.37 ஆயிரம். 2 ஆண்டு கழித்து ரூ.42 ஆயிரம். வீட்டு வாடகைப்படி தனி. பாடம் நடத்துபவரைவிட படிப்பவர் கையில்தான் காசு அதிகம்.

சிக்கல் வயதில் இருக்கிறது. உதவிப் பேராசிரியர் தகுதிக்கு நெட் எழுத வயது வரம்பு கிடையாது. ஜே.ஆர்.எப்.புக்கு 30 வயதுதான் வரம்பு. பெண்கள், ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 5 ஆண்டு சலுகை உண்டு. 'முதல்ல ஒரு வேலை, அப்புறம் பார்த்துக்கலாம்' என்று கவுரவ விரிவுரையாளராகச் சேருகிறவர்கள், நிரந்தர வேலைக்குக் காத்திருந்தே அந்த வயதைத் தாண்டிவிடுகிறார்கள்.

முதுகலை இறுதியாண்டிலேயே நெட் எழுதலாம். ஜூன், டிசம்பர் என ஆண்டுக்கு 2 வாய்ப்பு. 2024 ஜூன் தேர்வு முதல் பி.எச்.டி. சேர்க்கைக்கும் அந்த மார்க் செல்லும். வேலை எப்போது வரும் என்பது அரசு கையில். வயது போவதற்குள் உதவித்தொகையைப் பிடிப்பது மாணவர் கையில்!