புரவி வயது கேட்பதில்லை

இளமையில் குதிரைமேல் கொண்ட காதலை நடுவயதில் மீட்டெடுக்க விரும்புவோரை எள்ளி நகையாடுவது உலக வழக்காகிவிட்டது. “பிள்ளை குட்டி பெற்றபின் குதிரைச் சவாரி எதற்கு?” என்பர். “விழுந்தால் யார் பொறுப்பு?” என்றும் கேட்பர். ஆசை சிறுவர்க்கே உரியது, அடக்கம் மூத்தோர்க்கே உரியது என்னும் பழம்பிழையே இவ்வினாக்களின் வேர். அவ்வேரைக் களைந்தெறிதல் வேண்டும்.

டென்மார்க் நாட்டின் லிஸ் ஹார்ட்டெல் சிறுவயது முதல் குதிரைகளோடு வளர்ந்தவர். 1944-இல், 23 வயதில், கருவுற்றிருந்த வேளையில் இளம்பிள்ளைவாதம் அவரைத் தாக்கியது. நலமாக ஒரு மகளை ஈன்றார். ஆயினும் முழங்காலுக்குக் கீழே கால்கள் செயலற்றன. இனிக் குதிரை எதற்கு என்று எவரும் கேட்கக்கூடிய நிலை அது. அவர் கேட்கவில்லை. பிறர் தூக்கிவிட, மீண்டும் சேணத்தில் அமர்ந்தார்.

குதிரையேறுவோர் தம் கால்களால் விலாவை அழுத்தியே பெரும்பாலான குறிப்புகளை உணர்த்துவர். அதற்கு வழியற்ற ஹார்ட்டெல், ஜூபிலி என்னும் தம் குதிரைக்கு, இருக்கையின் அழுத்தத்தாலும் முதுகின் அசைவாலும் தம் எண்ணத்தை உணர்த்தப் பழகினார். குதிரையும் அம்மொழியைக் கற்றது. 1952-ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், குதிரையின் நடையழகை மதிப்பிடும் போட்டியில், ஆடவரோடு போட்டியிட்டு வெள்ளிப் பதக்கம் வென்றார். 1956-இலும் வெள்ளி வென்றார்.

அப்போட்டியின் பழைய விதிகளை எண்ணிப் பார்த்தல் தகும். 1952-க்கு முன் அதில் பெண்களுக்கு இடமில்லை; படையினருள் அதிகாரிகளே பங்குபெறலாம். 1948-இல் இலண்டனில் தங்கம் வென்ற சுவீடன் அணியினர் பின்னர் அதனை இழந்தனர். அவருள் ஒருவர் அதிகாரியல்லர், சார்ஜண்டு என்பதே காரணம்! பதவி கேட்டவர் மனிதர். பால் கேட்டவர் மனிதர். வயது கேட்பவரும் மனிதரே. குதிரை கேட்பது உறுதியான இருக்கையும் பொறுமையான கையும் மட்டுமே.

“ஹார்ட்டெல் அரிய விதிவிலக்கு” எனச் சிலர் வாதிடலாம். ஜப்பானின் ஹிரோஷி ஹோகெட்சு 1964-இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் பங்கேற்றார். நிறுவனப் பணியில் பல்லாண்டு உழைத்தார். 44 ஆண்டுகளுக்குப் பின், 2008-இல், மீண்டும் ஒலிம்பிக் களம் புகுந்தார். 2012-இல் இலண்டனில் போட்டியிட்டபோது அவருக்கு வயது 71. பதக்கம் நாடாதவர்க்கும் சான்றுண்டு. சிங்கப்பூரில் 1982-இல் தோன்றிய ஊனமுற்றோர்க்கான குதிரையேற்றச் சங்கம், உடற்குறையுடையோரைச் சேணத்தில் அமர்த்திப் பயிற்றி வருகிறது. அவர்க்கு இயல்வது, உடல்நலம் வாய்ந்த நடுவயதினர்க்கு இயலாதா?

செலவு உண்டு, விழுந்தால் எலும்பு முறிவதும் உண்டு. இவற்றை மறுப்பது அறிவுடைமை ஆகாது. தலைக்கவசம், தேர்ந்த ஆசான், பழகிய சாதுவான குதிரை ஆகியவை இன்றியமையாதவை. முன்பு கற்றதே போதுமென எண்ணாது, மெல்நடையிலிருந்தே மீளத் தொடங்குதல் வேண்டும். செல்வம் இல்லாதவர் லாயத்தில் குதிரையைத் தேய்த்துவிட்டும் தீனியிட்டும் அதன் தோழமையைப் பெறலாம். இடரைக் கருதிக் காக்க வேண்டியது உடலை. ஆசையைக் கொல்ல வேண்டுவதில்லை.

காரியின் குதிரைக்குக் காரி என்றும், ஓரியின் குதிரைக்கு ஓரி என்றும் பெயர் வழங்கியதை வகுப்பறைகள் கற்பிக்கின்றன. பரி, புரவி, இவுளி என மாணவர் ஒப்பிக்கின்றனர். அச்சொற்களை ஈன்ற காதல் ஒரு மாணவனின் கண்ணில் ஒளிரும்போது, “தேர்வுக்கு இது உதவுமா?” என வினவும் ஆசிரியர், அக்காதலுக்கு முதற்கடிவாளம் இடுகிறார். நாற்பது வயதில் சுற்றத்தார் இடுவது இரண்டாம் கடிவாளம். முன்னதை ஆசிரியர் இடாதிருக்கட்டும். பின்னதை மாணவர் வளர்ந்தபின் ஏற்காதிருக்கட்டும்!