கூவத்தைக் கெடுத்தவன்

கூவத்தைக் கெடுத்தவன் யார் என்று கேட்டால், பாலத்தின்மீது மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்கிற கனவான் உடனே சர்க்காரைக் கை காட்டுவார். சர்க்கார்மீது எனக்கும் காதல் ஒன்றுமில்லை. ஆனால், இன்று நான் வழக்குத் தொடர்வது அந்தக் கனவான்மீது, அதாவது, என்மீதும்தான்.

சங்கதி இதுதான். சென்னையில் மழைத் தண்ணீருக்கு ஒரு வழி, கழிவுநீருக்கு ஒரு வழி என்பதே ஏற்பாடு. வீட்டுக் கழிவுநீரைக் கணக்கிட்டு வைத்த பாதாளச் சாக்கடைக் குழாயில் மொட்டைமாடித் தண்ணீரையும் திருப்பிவிட்டால்? கொள்ளாத வயிறு என்ன செய்யுமோ, அதையே அதுவும் செய்யும். மேன்ஹோல் மூடியைத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு வரும். தெருவிலிருந்து மழைநீர்க் கால்வாய்க்கும், அங்கிருந்து கூவத்துக்கும் போகும்.

அப்படித் திருப்பிவிட்டவர்களில் நானும் ஒருவன். 2003-இல் சட்டம் கட்டாயப்படுத்தியபோது என் தகப்பனார் வீட்டில் மழைநீர் சேகரிப்புக் குழி தோண்டினார். என் காலத்தில் அது தூர்ந்தது. வாசலில் தண்ணீர் நிற்கிறதே என்றேன்; பிளம்பர் மாடிக் குழாயைச் சாக்கடையோடு சேர்த்துவிட்டுப் போனார். அரை நாள் வேலை. வாசல் காய்ந்தது, மனச்சாட்சியும் தூங்கப் போயிற்று.

ஒரு கார்த்திகை மழையில் எங்கள் தெருக்காரர்கள் கடப்பாறை போட்டு மேன்ஹோல் மூடியைப் பெயர்த்தார்கள். முழங்கால் தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது. கை தட்டினோம். மறுநாள், வீட்டு வேலைக்கு வருகிற அம்மாள் வரவில்லை. ஆற்றோரத்துப் பள்ளத்தில் இருந்த அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். எங்கள் கழிவெல்லாம் அவர் அடுப்படியில் கணுக்கால் அளவு நின்றது. அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "உங்க தெருவுல தண்ணி வடிஞ்சிடுச்சா சார்?"

'பெரிய குழாயாகப் போடட்டுமே!' என்பீர்கள். போடட்டும். அமெரிக்காவில் போர்ட்லண்ட் என்று ஒரு நகரம். மழையும் கழிவும் ஒரே குழாயில் போகிற பழைய ஏற்பாடு அங்கே. மழை பெய்தால் வில்லாமெட் ஆற்றில் வழியும். சுமார் 140 கோடி டாலர் செலவில், 2011-க்குள் ராட்சசக் குழாய்களைப் புதைத்து முடித்தார்கள். அதோடு நின்றார்களா? 1993 முதல் 2011 வரை, கூரைத் தண்ணீரை இறக்கும் குழாய்களில் 56,000-க்கு மேல் சாக்கடையிலிருந்து கழற்றித் தோட்டத்து மண்ணுக்குத் திருப்பினார்கள். தாமே கழற்றிய வீட்டுக்காரருக்குக் குழாய்க்கு 53 டாலர் வெகுமானம். அக்கம்பக்கத்துச் சங்கங்களும் வேலையில் இறங்கின.

'காசு கொடுத்தால் நாமும் செய்வோம்' என்று சிரிக்காதீர்கள். செய்யாததற்கான விலையைப் பள்ளத்து வீடு ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கிறது. அடைத்த குழிக்குள் பாதுகாப்பின்றி மனிதனை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதற்குப் பிறகும் இறங்கிச் செத்தவர்கள் உண்டு.

என் குழாயைக் கழற்றிவிட்டேன். குழியையும் தூர் வாரினேன். இதனால் கூவம் தெளிந்துவிடாது, தெரியும். ஆனாலும், அடுத்த மழைக்குமுன் உங்கள் மாடிக் குழாய் எங்கே போய் இறங்குகிறது என்று ஒரு தடவை குனிந்து பாருங்கள். பிறகு சர்க்காரைத் திட்டலாம். நானும் கூட வருகிறேன்.