நீரிழிவுச் சிறுநீரக நோயும் பி வைட்டமின் மாத்திரைகளும்

பாதம் எரிகிறது, கால் மரத்துப் போகிறது என்றவுடன் மருந்துக் கடையில் ‘சத்து மாத்திரை’ கேட்டு வாங்கும் வழக்கம் திருவெண்ணெய்நல்லூர் போன்ற ஊர்களில் பரவலாக உள்ளது. நீரிழிவால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டோருக்கு இவ்வழக்கம் தீங்கற்றது எனக் கருதிவிட இயலாது.

2023-ஆம் ஆண்டில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வின்படி, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளது. விழுப்புரம் மாவட்டத்தை ஒட்டிய புதுச்சேரியில் இதன் அளவு 26.3 விழுக்காடு ஆகும்.

சிறுநீரகம் பழுதடைந்தோரின் இரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்னும் பொருள் மிகுகிறது. இது இரத்தக்குழாய் நோய்களுடன் தொடர்புடையது. ஃபோலிக் அமிலமும் பி6, பி12 வைட்டமின்களும் இதனைக் குறைக்கும். எனவே அவற்றை மிகுதியாகக் கொடுத்தால் சிறுநீரகமும் காக்கப்படும் என எதிர்பார்க்கப்பட்டது. கனடாவில் நீரிழிவுச் சிறுநீரக நோயாளிகள் 238 பேரிடம் நடத்தப்பட்டு 2010-இல் வெளியான ஆய்வு இதற்கு மாறான முடிவைத் தந்தது. அதில் ஒரு பிரிவினருக்கு நாள்தோறும் ஃபோலிக் அமிலம் 2.5 மி.கி., பி6 25 மி.கி., பி12 1 மி.கி. அளிக்கப்பட்டன. ஹோமோசிஸ்டீன் குறைந்தது. ஆயினும் மூன்றாண்டுகளில் சிறுநீரகத்தின் வடிகட்டும் வீதம் இவர்களுக்குச் சராசரியாக 16.5 அலகுகள் சரிந்தது. வெற்று மாத்திரை பெற்றோருக்கு 10.7 அலகுகளே சரிந்தது. மாரடைப்பு, பக்கவாதம், மரணம் உள்ளிட்டவற்றின் கூட்டு அபாயமும் இரு மடங்கானது.

உடலுக்கு நாளொன்றுக்குத் தேவையான பி12 சில மைக்ரோகிராம் மட்டுமே. கடைகளில் விற்கும் மாத்திரைகள் பலவற்றில் 1500 மைக்ரோகிராம் வரை உள்ளது. அதாவது மேற்கண்ட ஆய்வில் அளிக்கப்பட்டதைவிட அதிகம். பி6-ஐ நெடுநாள் மிகுதியாக உட்கொண்டால் அதுவே நரம்பைப் பாதித்து மரத்துப்போதலை உண்டாக்கும் என்பதும் பலர் அறியாதது.

இவ்வாய்வை மட்டும் கொண்டு வைட்டமின்களை முற்றாக விலக்குவதும் பிழையாகும். கனடாவில் 1998 முதல் மாவில் ஃபோலிக் அமிலம் சேர்க்கப்படுகிறது. அங்குள்ளோருக்கு அதன் குறைபாடு அரிது. அவ்வாறு சேர்க்கப்படாத சீனாவில், உயர் இரத்த அழுத்தம் உடையோரிடம் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், எனலாப்ரில் மருந்துடன் 0.8 மி.கி. ஃபோலிக் அமிலம் மட்டும் சேர்த்து அளித்தபோது சிறுநீரக நோய் முற்றுவது மட்டுப்பட்டது. ஆகவே அளவும், முன்பே குறைபாடு உள்ளதா என்பதுமே முடிவைத் தீர்மானிக்கின்றன எனக் கொள்வது பொருத்தம்.

குறைபாடு நம்மிடையே அரிதன்று. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் நீரிழிவு மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. நீரிழிவுக்குப் பெரும்பாலும் அளிக்கப்படும் மெட்ஃபார்மினைப் பல்லாண்டுகள் உட்கொள்வோருக்கு, குறிப்பாகப் புலால் உண்ணாதோருக்கு, பி12 குறையக்கூடும். இக்குறைபாட்டால் வரும் கால் மரப்பும் நீரிழிவால் வரும் மரப்பும் பார்வைக்கு ஒன்றே. இரத்தப் பரிசோதனையே வேறுபடுத்திக் காட்டும். குறைபாடு உறுதியானால் பி12 கட்டாயம் தேவை. மெட்ஃபார்மினைத் தாமாக நிறுத்துதல் கூடாது.

டயாலிசிஸ் பெறுவோரின் நிலை வேறு. நீரில் கரையும் இவ்வைட்டமின்கள் சிகிச்சையின்போது வெளியேறிவிடுவதால், மருத்துவர் கணக்கிட்டு அவற்றை எழுதித் தருவார். அம்மாத்திரைகளைத் தொடர வேண்டும்.

நீரிழிவாளர்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் சிறுநீரில் அல்புமின் அளவையும் இரத்தத்தில் கிரியேட்டினின் அளவையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லும்போது, கடையில் தாமாக வாங்கிய மாத்திரை அட்டைகளையும் உடன் எடுத்துச் சென்று மருத்துவ அலுவலரிடம் காட்டவும். தேவைப்படின் அவர் முண்டியம்பாக்கத்திலுள்ள அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பரிந்துரைப்பார்.